கேள்வியை யாராவது வாசித்துக் காட்டினால் போதும்

குழு: எங்க வளவு (எங்கள் செட்டிநாட்டுக் குடும்பக் குழு. ஆத்தா என் அம்மா, என் பிள்ளைக்கு ஆயா. அப்பச்சி என் அப்பா. ஆச்சி என்றால் அக்கா, பெரியாச்சி என் மூத்த அக்கா. அயித்தை மகள் என் அத்தை மகள், என்னை ஆச்சி என்றும் அப்பச்சியை அம்மான், அதாவது மாமா என்றும் கூப்பிடுவாள். அண்ணமிண்டி என் அண்ணன் மனைவி.)

சனிக்கிழமை

நான், இரவு 8.42
எல்லோரும் இருக்கிறீர்களா? சின்னவனுக்கு 6-ஆம் வகுப்புச் சேர்க்கைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். இன்னும் 7 வாரம். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றும் சேர்த்து 2 மணி நேரம் எழுத வேண்டும், அப்புறம் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பெரியாச்சி (தேவகோட்டை), 8.45
மதுரையில் எடுத்த ரிப்போர்ட்டைப் பள்ளியில் கொடுத்தாயா?

நான், 8.45
இல்லை ஆச்சி. பீரோவில்தான் இருக்கிறது.

அண்ணன் (சென்னை), 8.51
கொடுக்காதே. முதலில் இடம் கிடைக்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம். டிஸ்லெக்சியா, வாசிக்க எழுதச் சிரமப்படும் குறைபாடு என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தாலே பாதிப் பேர் பையனைப் பார்க்க மாட்டார்கள். நல்ல கோச்சிங் பிடி, பழைய கேள்வித்தாள் 30 வாங்கிப் போடச் சொல். 7 வாரம் போதும்.

நான், 9.04
அண்ணே, அதைத்தான் மூன்று வாரமாகச் செய்துகொண்டிருக்கிறேன். பள்ளிவிட்டு வந்ததும் டியூஷன், அது முடிந்து வீட்டில் ஒரு கேள்வித்தாள், தப்பு வந்த சொல்லை 10 தடவை எழுதச் சொன்னேன். மழை என்பதை மைழ என்று எழுதுகிறான், 10 தடவையும் மைழ என்றே எழுதுகிறான், நான் கத்துகிறேன், அவன் அழுகிறான். நேற்று காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான். காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. இன்று டியூஷன் கிடையாது என்று சொன்னவுடன் எழுந்து இட்லி சாப்பிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெரியாச்சி, 9.06
பாவம் பிள்ளை.

ஆத்தா, 9.10
நான் ஒன்று சொல்கிறேன். போன வாரம் இங்கே கானாடுகாத்தானுக்கு வந்திருந்தானே, அவன் விடாமல் வைத்திருந்த கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு டஜன் பேனா 96 ரூபாய்க்கு வாங்கி ஒன்றைப் 10 ரூபாய்க்கு விற்றால் லாபம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. அதை வெறுமையாக விட்டிருந்தான். நான் பட்டாலையில் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்தேன், முடிக்கக்கூட இல்லை, 24 ஆயா என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். அப்புறம் எல்லாவற்றையும் வாசித்தேன். 15 கணக்கில் 13 சரி. அவனுக்குக் கணக்கு தெரியாது என்று இனி யாரும் என் காதுபடச் சொல்லாதீர்கள்.

அண்ணன், 9.12
13-ஆ?

ஆத்தா, 9.12
13.

அயித்தை மகள் (பள்ளத்தூர்), 9.31
ஆச்சி, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ஆயா வாசித்தால் 13, தானே வாசித்தால் வெறுமை. அந்த ரிப்போர்ட் சொல்வதும் இதைத்தான். அறிவில் குறை இல்லை, எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றுகிற இடத்தில்தான் அவனுக்குச் சிரமம். நான் அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி படித்தபோது பயிற்சிக்குப் போன பள்ளியில் இந்த மைழ எழுதும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழில் ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அப்படியே. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் தலை, வேலை போன்ற சொற்களில் தடுமாறுவார்கள். அது கவனக்குறைவு இல்லை. தப்பான சொல்லையே 10 தடவை எழுத வைத்தால் தப்புதான் கையில் ஊறும், தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

நான், 9.33
நிறுத்திவிட்டேன். சத்தியமாக.

அப்பச்சி, 9.40
ரிப்போர்ட்டைக் கொடுப்பது பற்றி யோசியுங்கள். ஊர் சின்னது. இன்றைக்குப் பள்ளியில் சொன்னால் நாளைக்குக் கோயிலில் விசாரிப்பார்கள். பிள்ளைக்குக் குறை என்று ஒரு பேர் விழுந்துவிட்டால் அது போகாது.

அயித்தை மகள், 9.52
அம்மான், உங்கள் கவலை புரிகிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் வேறு பேர்கள் விழும். சோம்பேறி, மக்கு என்று. அதைவிட டிஸ்லெக்சியா என்பது எவ்வளவோ கௌரவமான பேர். அது உண்மையும்கூட. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தருகிற ஆள், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு, எல்லாம் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். கேட்க வேண்டுமானால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தம்பி (சிங்கப்பூர்), 9.58
6-ஆம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வே வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே?

அயித்தை மகள், 10.05
இருக்கிறது அண்ணே. 2009 கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவு. பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது, முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம். அதனால்தான் அசெஸ்மென்ட் என்று வேறு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார் கொடுக்கலாம்தான். ஆனால் ஆச்சிக்கு இருப்பது 7 வாரம், சண்டை போட்டுச் சேர்த்தாலும் அங்கே போய்த் தினமும் உட்காரப் போவது பிள்ளைதான். என் எண்ணம், முதலில் மரியாதையாகப் போய் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்போம். அவர்கள் சொல்கிற பதிலிலேயே அது எப்படிப்பட்ட பள்ளி என்று தெரிந்துவிடும்.

பெரியாச்சி, 10.07
அதுதான் சரி. அவர்கள் இவனைப் பரீட்சை பண்ணட்டும், நாம் அவர்களைப் பண்ணுவோம்.

ஞாயிற்றுக்கிழமை

அப்பச்சி, காலை 5.50
இரவு தூக்கம் வரவில்லை. உங்கள் சித்தப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் அடித்த அடியில் 8-ஆம் வகுப்போடு படிப்பை நிறுத்தினான். பினாங்கில் கடையில் இருந்தபோது பேரேடு பார்க்காமலே யார் எவ்வளவு பாக்கி என்று வட்டியோடு சொல்வான் என்று முதலாளியே எங்கள் ஐயாவிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டுக்குக் கடிதம் மட்டும் போட மாட்டான். எங்களைப் பெற்ற ஆத்தா மேல் பாசம் இல்லாதவன் என்று நாங்கள் எல்லோரும் திட்டினோம். சாகும்வரை ஆத்தாவுக்கு அந்தக் குறை இருந்தது. அவனுக்கு எழுத வரவில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரிப்போர்ட்டைக் கொடுங்கள்.

பெரியாச்சி, 6.15
அப்பச்சி 🙏

அயித்தை மகள், 6.32
குடும்பத்தில் வழிவழியாக வருவது உண்டு அம்மான். நீங்கள் சொன்னது நல்லது.

நான், 6.40
அழுதுவிட்டேன். நாளைக்குப் பேசுகிறேன்.

அண்ணமிண்டி (சென்னை), 9.20
ஒன்று கேட்கிறேன். கண் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும், நிறக் கண்ணாடி போட்டால் எழுத்து ஆடாது என்று ஒரு இடத்தில் விளம்பரம் பார்த்தேன். அனுப்பட்டுமா?

அயித்தை மகள், 9.26
வேண்டாம். அதனால் டிஸ்லெக்சியா சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண்ணையும் காதையும் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிட்டால் போதும். மூளைத் திறன் வகுப்பு என்று யார் கேட்டாலும் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல சிறப்பாசிரியரிடம் வாரம் 2 நாள் போகலாம். நீங்கள் சென்னையில் இருப்பதால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனில் கேட்டுப் பாருங்கள்.

நான், 9.30
வீட்டில் நான் என்ன செய்யட்டும்? அதைச் சொல்.

அயித்தை மகள், 10.14
ஒரு நாளைக்கு 20 நிமிடம், இரண்டு தடவை. அதற்கு மேல் வேண்டாம், டியூஷனையும் பாதியாகக் குறையுங்கள். முதல் 20 நிமிடம் எழுத்து. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதட்டும், எழுதும்போதே ஒலியை வாயால் சொல்லட்டும், கண்ணும் கையும் காதும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். கொம்பு, ஐகாரம் வருகிற சொற்களை மட்டும் எடுங்கள், நாளைக்கு 4 சொல். அந்தக் குறியைச் சிவப்பிலும் மெய்யைக் கறுப்பிலும் எழுதிக் காட்டுங்கள். வீட்டில்தான் ஆத்தங்குடிக் கல் தரை இருக்கிறதே, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று சாக்பீஸில் எழுதி, சொல்லைத் தாண்டித் தாண்டிச் சேர்க்கச் சொல்லுங்கள், அவனுக்கு அது விளையாட்டாக இருக்கும். இரண்டாவது 20 நிமிடம் கேள்வித்தாள், ஆனால் யாராவது கேள்வியை வாசித்துக் காட்ட வேண்டும், அவன் விடையை மட்டும் எழுத வேண்டும். பத்தி வாசித்து விடை எழுதும் பகுதியில் முதலில் கேள்வியைப் படிக்க வேண்டும், அப்புறம்தான் பத்தி. வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக்கொள்ளட்டும். தெரிந்ததை முதலில் எழுது, தெரியாததைச் சுழித்துவிட்டுப் போ என்று பழக்குங்கள். அப்புறம், விருந்தாளிகள் முன்னால் செய்தித்தாளைக் கொடுத்து வாசி என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆயாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆத்தா, 10.16
சொல்ல மாட்டேன்.

தம்பி, 10.20
எந்தப் பாடத்திட்டம் அந்தப் பள்ளி?

நான், 10.21
சிபிஎஸ்இ. இந்தியும் உண்டு.

அயித்தை மகள், 10.29
இதைக் கட்டாயம் கேளுங்கள் ஆச்சி. தமிழ், ஆங்கிலம், இந்தி என்று மூன்று எழுத்து முறைகளை அவன் தலையில் ஏற்றக் கூடாது. சிபிஎஸ்இ-யில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அந்தப் பள்ளி அதை மனமாரச் செய்கிறதா என்று இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வு நேரத்துக்கு, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலில் இருக்கிறது, அந்தக் கணக்கிலேயே கேளுங்கள், 2 மணி நேரத்துக்கு 40 நிமிடம். இதற்கு மதுரை ரிப்போர்ட் போதும் என்று பள்ளி சொல்லலாம். ஆனால் பின்னால் பொதுத்தேர்வுக்கு அரசுச் சான்றிதழ் வேண்டும். இவனுக்கு 8 வயது முடிந்துவிட்டதால் இப்போதே வாங்கலாம். இணையத்தில் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு, சிவகங்கை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எந்த நாள் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

திங்கட்கிழமை

நான், மாலை 4.48
பேசிவிட்டேன். இரண்டு பள்ளியில் கேட்டேன். ஒன்றில் ரிப்போர்ட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எங்களிடம் வசதி இல்லை என்று நின்றுகொண்டே சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து வண்டியில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தேதி கொடுத்த பள்ளியில் முதல்வர் அம்மா முழு ரிப்போர்ட்டையும் படித்தார், சில இடத்தில் பென்சிலால் குறித்தார். 40 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள். கணக்குக் கேள்வியை ஒரு டீச்சர் வாசித்துக் காட்டுவார். தமிழ், ஆங்கிலத்துக்கு வாசிக்க மாட்டார்கள், வாசிப்பைத்தான் அங்கே பார்க்கிறோம் என்றார், அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்களாம். அந்தப் பத்தியை 15 நிமிடம் முன்னதாகவே கையில் கொடுத்து, தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்களாம். இந்தி விலக்கு பற்றி நேராகப் பதில் வரவில்லை, எழுத்தில் கொடுங்கள், நிர்வாகத்திடம் கேட்கிறேன் என்றார். அதை மட்டும் விடாமல் கேட்க வேண்டும்.

அயித்தை மகள், 4.55
பென்சிலால் குறித்தாரா! ஆச்சி, அந்தப் பள்ளியையே பாருங்கள். இந்திக்கு நான் கடிதம் எழுதித் தருகிறேன்.

பெரியாச்சி, 4.57
அவனிடம் சொன்னாயா?

நான், 5.03
சொன்னேன். உன் மூளை நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்து மட்டும் உனக்கு மெதுவாக வரும், அதற்குப் பேர் இருக்கிறது, உன்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அப்போ நான் மக்கு இல்லையா என்று கேட்டான். 5 வருஷமாக அதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆத்தா, 5.05
என் ராசா.

அண்ணன், 5.30
எனக்கு இன்னும் முழு மனசு இல்லை, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் 13 என்று ஆத்தா சொன்னது என் தலையை விட்டுப் போகவில்லை. பழைய கேள்வித்தாளை எல்லாம் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு, பக்கத்துக்கு 5 கேள்வி என்று அடித்து பிடிஎஃப் அனுப்புகிறேன். ஆபீஸ் முடிந்து வந்து தினமும் ஒன்று.

நான், 5.31
அனுப்புகிறேன் அண்ணே 🙏

தம்பி, 5.40
நான் பாடத்தை எல்லாம் என் குரலில் பதிந்து அனுப்புகிறேன். பள்ளிக்குப் போகிற வழியில் கேட்டுக்கொண்டே போகட்டும்.

நான், 5.44
தினமும் கேள்வி வாசிக்க ஆள் வேண்டுமே. நான் வாசித்தால் பழைய ஞாபகத்தில் அவன் உடம்பு விறைக்கிறது. கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது வாசித்தால் நல்லது.

அப்பச்சி, 5.52
நான் வாசிக்கிறேன். டியூஷன் இல்லாத நாளில் கானாடுகாத்தானுக்குக் கொண்டுவந்து விடு, மற்ற நாளில் வீடியோவில் கூப்பிடு. நாளைக்குக் காரைக்குடி வந்து கண்ணாடியை மாற்றிக்கொள்கிறேன், இதில் 8-உம் 3-உம் ஒன்றாகத் தெரிகிறது.