மவுஸ் இல்லாம வெப்சைட்ல மாட்டிக்கிட்ட அனுபவம் சொல்லுங்க

கடலூர்வாசி:
மணிக்கட்டு வலி, டாக்டர் மவுஸைத் தொடவே கூடாதுன்னுட்டார். பொங்கல் பஸ் புக்கிங். சீட் புடிச்சு பேரு வயசெல்லாம் அடிச்சு முடிச்சப்பதான் இன்சூரன்ஸ் வேணுமான்னு ஒரு பாப்அப் வந்துச்சு. டேப் அடிச்சா "வேணும்" பட்டன், அப்புறம் விதிமுறை லிங்க், திரும்ப "வேணும்". மூலைல இருக்கிற எக்ஸுக்கு ஃபோகஸ், அதான் கீபோர்டு இப்ப எங்க நிக்குதுங்கிற அடையாளம், போகவே இல்ல, ஷிஃப்ட் டேப் போட்டாலும் அதே சுத்து, எஸ்கேப்புக்கும் அசையல, கன்ட்ரோல் எல் அடிச்சு அட்ரஸ் பாருக்குப் போயிட்டு வந்தாலும் மறுபடி அதுக்குள்ளயே இழுக்குது. மேல சிவப்புல டைமர் ஓடுது. அது பூஜ்யம் ஆகி சீட் கைவிட்டுப் போறத பாத்துட்டே உக்காந்திருந்தேன், இன்னும் ஆறல.

ஆப்பிள்பொட்டி:
சைட்டு மேல பழி போடுறதுக்கு முன்னாடி பிரவுசரைப் பாருங்க ப்ரோ. வேலைக்கு அப்ளை பண்ற ஃபார்ம் ஒண்ணு, மேக்ல சஃபாரி, டேப் அடிச்சா எழுதுற பெட்டிக்கு மட்டும்தான் போகுது, கீழ இருக்கிற லிங்க் எல்லாத்தையும் தாண்டிடுது. கடைசி தேதி அன்னிக்கு இந்தக் கூத்து. சஃபாரி செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு போயி டேப் அடிச்சா ஒவ்வொண்ணா காட்டச் சொல்ற டிக்கைப் போடணும், அவசரத்துக்கு ஆப்ஷனோட சேத்து டேப்.

திருச்சிவாசகி:
கடலூர்வாசி சார் சொல்றது வேற, ஆப்பிள்பொட்டி நீங்க சொல்றது வேற. சுத்தி சுத்தி வருது, எஸ்கேப்புக்கும் விடலன்னா அதுக்கு எந்த செட்டிங்கும் கிடையாது, சைட்டுதான் தப்பு. நான் பார்வையில்லாதவ, ஸ்க்ரீன்ல இருக்கிறதை வாய்விட்டுப் படிக்கிற என்விடிஏ சாஃப்ட்வேர் வச்சுதான் எல்லாம். ஒரு தேர்வு விண்ணப்பத்துல சர்டிஃபிகேட் எல்லாம் ஏத்தி முடிச்சேன், அடுத்து என்னன்னு நகர்ந்தா "பட்டன்", "பட்டன்", "பட்டன்"னு மட்டும் படிக்குது. வெறும் படம், பேரே வைக்கல. அதுல ஒண்ணை என்டர் அடிச்சதும் ஏத்தினது மொத்தமும் அழிஞ்சுபோச்சு, அழிக்கவான்னு ஒரு வார்த்தை கேக்கல. அந்த அமைதி இருக்கே, அதான் இன்னும் உறுத்துது.

உதவிக்கரம்:
எங்க அம்மா லேப்டாப்ல திடீர்னு ஏரோ கீ அடிச்சா பக்கம் நகரல, எழுத்துக்கு நடுவுல ஒரு கோடு மினுக்குது. கை பட்டு எஃப்7 அழுந்தியிருக்கு, அந்தக் கோட்டை வச்சு எழுத்து எழுத்தா நகர்ற கேரட் பிரவுசிங் ஆன் ஆயிருக்கு. திரும்ப எஃப்7 அடிச்சா போயிடும். பொதுவா எல்லாருக்கும் சொல்றேன், கீபோர்டு ஒழுங்கா வேலை செய்யலன்னா முதல்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர், பிரவுசர் முன்னாடி சேத்து வச்ச காப்பியை (கேச்) விட்டுட்டு புதுசா லோடு ஆகும். அப்புறம் க்ரோம்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் என் அடிச்சு இன்காக்னிடோல தொறங்க, நீங்களா அனுமதி குடுக்காத வரைக்கும் எக்ஸ்டென்ஷன், அதான் பிரவுசர்ல தனியா சேக்குற குட்டி சாஃப்ட்வேர், எதுவும் அங்க ஓடாது, அதுல சரியா இருந்தா எக்ஸ்டென்ஷன்தான் காரணம், ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்க, கீபோர்டாலயே பிரவுசரை ஓட்டுற விமியம் மாதிரி எக்ஸ்டென்ஷன் இருந்தா ஜே, கே, எஃப் கீயெல்லாம் அது எடுத்துக்கும். விண்டோஸ்ல ஷிஃப்ட்டை அஞ்சு தடவை அடிச்சா ஷிஃப்ட், கன்ட்ரோலை அழுத்திப் பிடிக்காம ஒவ்வொண்ணா அடிக்கிற ஸ்டிக்கி கீஸ் வேணுமான்னு கேக்கும், அது ஆன் ஆயிருக்கான்னும் பாருங்க. ஃபயர்ஃபாக்ஸ்னா எக்ஸ்டென்ஷன் இல்லாம தொறக்குற ட்ரபிள்ஷூட் மோடு இருக்கு.

கடலூர்வாசி:
எக்ஸ்டென்ஷனே கிடையாது சார். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுலயும் அதேதான்.

கோடெழுதுறவன்:
கீபோர்டால உள்ள போயி வெளிய வர முடியாத இதுக்குப் பேரே கீபோர்டு ட்ராப். வெப்சைட்டை எல்லாரும் பயன்படுத்துற மாதிரி செய்யணும்னு 2008ல வந்த டபிள்யூசிஏஜி 2.0 வழிகாட்டிலயே இப்படி மாட்டக் கூடாதுன்னு 2.1.2ங்கிற விதி இருக்கு, அதுவும் லெவல் ஏ, அடிப்படையிலும் அடிப்படை. நான் வேலை பாத்த இடத்துல டேப் அடிச்சா வர்ற நீலக் கோடு அழகா இல்லன்னு அதை மறைக்கிற அவுட்லைன் நன்னுங்கிற கோடு போடச் சொன்னாங்க, மவுஸ் க்ளிக்குக்கு வேண்டாம்னா ஃபோகஸ் விசிபிள்னு இன்னொரு கோடு வச்சு கீபோர்டுக்கு மட்டும் காட்டலாம்னு மீட்டிங்ல செஞ்சே காட்டினேன், டிசைனர் ஸ்க்ரீனைக் கூட நிமிர்ந்து பாக்கல. அந்த சைட் அப்படியேதான் லைவ் போச்சு. அண்ணா, அவங்களுக்கு எழுதினீங்களா?

கடலூர்வாசி:
எழுதினேன் தம்பி. மவுஸ்ல ட்ரை பண்ணுங்கன்னு பதில் வந்துச்சு.

திருச்சிவாசகி:
மறுபடி எழுதுங்க சார். எந்தப் பக்கம், எந்த பாப்அப், எந்தக் கீ அடிச்சா என்ன ஆகுதுன்னு வரிசையா போட்டு 2.1.2ன்னும் குறிப்பிடுங்க. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் வசதியை அணுகுற உரிமை அரசியல் சட்டத்துல உயிர் வாழும் உரிமையைச் சொல்ற 21வது பிரிவுக்குள்ள வரும்னு சொல்லியிருக்கு, அதையும் சேத்துக்குங்க. என் விண்ணப்பத்துக்கு நானும் அப்படித்தான் எழுதிட்டிருக்கேன்.