ஹாட் டாக்கில் கெட்சப் கேட்டால் குற்றமா?

எடிசன் முருகு:
இந்த மன்றத்தின் பக்கத்துத் திரியில் "ஏரிக்கரை ஜோடி" என்ற தம்பதி, பழைய பர்கர், ஹாட் டாக் கடைகளைத் தேடிப் போன கதையை எழுதியிருக்கிறார்கள். சிகாகோ, நியூ ஹேவன், அப்புறம் எங்கள் நியூ ஜெர்சி. படங்கள் அருமை. ஆனால் நடுவில் ஒரு வரி: "ஹாட் டாக்கில் கெட்சப் போடுகிறவர்கள் இந்தக் கடைகளின் பக்கமே வரக்கூடாது. கெட்சப்பில் இருக்கும் சர்க்கரை சாசேஜின் சுவையை மூடிவிடும்."

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. சிகாகோ ஹாட் டாக்கில் பளீரென்று ஒரு பச்சை ரெலிஷ் போடுவார்கள். வெள்ளரி ஊறுகாயைப் பொடியாக அரிந்து, இனிப்பு சேர்த்து, நிறமும் ஏற்றியது. அதில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்றால் கெட்சப் மட்டும் என்ன பாவம் செய்தது?

ஏரிக்கரை ஜோடி:
கணவர் எழுதுகிறேன். நண்பரே, நாங்கள் எழுதியது ஒரு முழு நீளக் குறிப்பு. அதில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தனித் திரியே தொடங்கிவிட்டீர்கள். சரி, சொல்கிறேன். சிகாகோ ஹாட் டாக் என்பது ஒரு கணக்கு. கசகசா தூவிய பன், மாட்டிறைச்சி சாசேஜ், மஞ்சள் மஸ்டர்ட் (கடுகுச் சாஸ்), ரெலிஷ், வெங்காயம், தக்காளித் துண்டு, நீளமாக வெட்டிய ஊறுகாய் வெள்ளரி, ஸ்போர்ட் பெப்பர் மிளகாய், மேலே செலரி உப்பு. புளிப்பு, காரம், உப்பு, இனிப்பு எல்லாம் ஏற்கெனவே அளவாக இருக்கின்றன. தக்காளியும் இருக்கிறது. தக்காளி இருக்கும்போது தக்காளிச் சாஸ் எதற்கு?

எடிசன் முருகு:
கேட்ட கேள்வியை விட்டுவிட்டுப் பட்டியல் போடுகிறீர்கள். ரெலிஷில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா?

தக்காளி விஷயத்துக்கும் வருகிறேன். நீங்களே புகழ்ந்து எழுதிய கடை, சிகாகோவை ஒட்டிய ரிவர் குரோவில் இருக்கும் ஜீன் அண்ட் ஜூட்ஸ். 1946இல் தொடங்கிய கடை. அங்கே தக்காளி கிடையாது, செலரி உப்பு கிடையாது, கசகசா பன்னும் கிடையாது. மஸ்டர்ட், ரெலிஷ், வெங்காயம், மிளகாய், அவற்றின் மேல் ஒரு கை உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். தக்காளியே இல்லாத அந்தக் கடையிலும் கெட்சப் கிடையாது. உங்கள் "தக்காளி இருக்கும்போது" வாதம் அங்கே எப்படி நிற்கும்?

ஸ்காபரோ ரமணி:
டொரன்டோவில் வீதியோர ஹாட் டாக் வண்டிகளில் மஸ்டர்ட், கெட்சப், ரெலிஷ், ஊறுகாய் எல்லாம் முன்னாலேயே வைத்திருப்பார்கள். சாசேஜைச் சுட்டு பன்னில் வைத்துத் தருவது அவர்கள் வேலை, மிச்சம் எங்கள் விருப்பம். நான் மரக்கறி சாசேஜ்தான் வாங்குவேன், அதற்குக் கெட்சப் போடுவேன். இவ்வளவு காலத்தில் ஒருவரும் என்னை ஏன் என்று கேட்டதில்லை. காசு கொடுத்து வாங்குகிறவரின் நாக்கு அவருடையது.

ஏரிக்கரை ஜோடி:
ரமணி அக்கா, மரக்கறி சாசேஜைப் பற்றி நாங்கள் எழுதவே இல்லை. உங்கள் ஊர் வண்டிகளை நாங்கள் குறை சொல்லவும் இல்லை. நாங்கள் சொன்னது பழைய கடைகளை. ஒரு கடைக்காரர் பல பத்து வருடமாக ஒரே மாதிரி செய்துகொண்டு வருகிறார். அவர் முன்னால் போய் நின்று "எனக்கு மட்டும் மாற்றிக் கொடு" என்று கேட்பது மரியாதை இல்லை.

எடிசன் முருகு:
அக்காவுக்கு நீண்ட பதில் கிடைத்தது. எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ரெலிஷில் சர்க்கரை?

பழைய பேட்டை:
இங்கே எல்லோரும் ஹாட் டாக்கில் கெட்சப் கூடாது என்ற சிகாகோ விதியை ஏதோ ஆதிகாலத்து வேதம் மாதிரி பேசுகிறீர்கள். வரலாற்றைப் பாருங்கள். 1893இல் சிகாகோவில் கொலம்பஸ் நினைவாக உலகக் கண்காட்சி நடந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வந்த எமில் ரெய்ச்சல், சாம் லடானி இருவரும் அங்கே சாசேஜ் விற்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் வியன்னா பீஃப் என்ற சாசேஜ் நிறுவனம். பிறகு 1930களின் பொருளாதார மந்தத்தில், ஐந்து சென்ட்டுக்கு வயிறு நிறைய வேண்டும் என்று காய்கறிகளை மேலே அடுக்கினார்கள். பசிக்காகச் சேர்த்த காய்களை இன்றைக்கு நாகரிகத்தின் அளவுகோலாக மாற்றிவிட்டார்கள். 2017இல் ஹைன்ஸ் நிறுவனம் அதே கெட்சப்பை "சிகாகோ டாக் சாஸ்" என்று பெயர் மாற்றி, சிகாகோக்காரர்களை நோக்கியே ஒரு விளம்பரம் செய்தது. ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. பாட்டிலில் பெயரைப் பார்த்துத்தான் இவ்வளவு கோபம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஏரிக்கரை ஜோடி:
ஹைன்ஸ் கெட்சப் விற்கிற நிறுவனம். அவர்கள் விளம்பரத்தை ஆதாரமாகக் கொண்டுவருகிறீர்கள். இதற்கு மேல் என்ன சொல்ல?

முருகு, நீங்கள் டீப் டிஷ் பீட்சா திரியிலும் இதையேதான் செய்தீர்கள். ஒரே கேள்வியைப் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் எல்லோரும் சலித்துப் போனதும் வென்றதாக அறிவித்தீர்கள்.

எடிசன் முருகு:
டீப் டிஷ் திரியிலும் நீங்கள் பதில் சொல்லவில்லை. அங்கே சீஸ் ஏன் சாஸுக்குக் கீழே என்று கேட்டேன். இங்கே ரெலிஷில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிறேன். ஆம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்ல இவ்வளவு சிரமமா?

கனெக்டிகட்காரன்:
ஹாட் டாக்கை விடுங்கள். கெட்சப் வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒரு கடைக்கு உண்டு என்றால் அது நியூ ஹேவன் லூயிஸ் லஞ்சுக்குத்தான். டென்மார்க்கிலிருந்து வந்த லூயிஸ் லாசன் 1895இல் தொடங்கிய கடை. இறைச்சியை நின்றவாக்கில் வைத்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் சுடும் அந்த வார்ப்பிரும்பு அடுப்புகளில்தான் இன்றைக்கும் சுடுகிறார்கள். பன் கிடையாது, இரண்டு டோஸ்ட் துண்டு. சீஸ், வெங்காயம், தக்காளி கேட்டால் வைப்பார்கள். கெட்சப், மஸ்டர்ட், மயோனைஸ் எதுவும் இல்லை. இறைச்சியை அன்றன்று அரைக்கிறார்கள், அதனால் வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. ஹாம்பர்கர் 1900இல் பிறந்தது அங்கேதான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பழைய பேட்டை:
காங்கிரஸ் நூலகம் ஆராய்ந்து தீர்ப்பு எழுதவில்லை. உள்ளூர் மரபுகள் என்று ஒரு திட்டம் வைத்தார்கள், அதில் தொகுதி உறுப்பினர் பரிந்துரைத்ததைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். விஸ்கான்சினில் சீமோர் என்ற சிற்றூரில், 1885 கண்காட்சியில் சார்லி நாக்ரீன் என்ற பையன் இறைச்சி உருண்டையை நசுக்கி ரொட்டிக்கு நடுவில் வைத்து விற்றதாகச் சொல்கிறார்கள். அதே 1885இல் நியூ யார்க் மாநிலத்தின் ஹாம்பர்க் ஊர்க் கண்காட்சியில் மென்செஸ் சகோதரர்கள் விற்றதாக இன்னொரு ஊர் சொல்கிறது. டெக்சாஸ் ஏதென்ஸ் ஊருக்கு பிளெட்சர் டேவிஸ். ஆளாளுக்கு ஒரு தாத்தா.

கனெக்டிகட்காரன்:
அவர்கள் எல்லோருக்கும் கதை இருக்கிறது, கடை எங்கே? அடுப்பு எங்கே? எங்கள் கடைக் கட்டிடத்தை 1975இல் இடிக்கப் பார்த்தார்கள். அப்படியே பெயர்த்து கிரவுன் தெருவுக்குக் கொண்டுபோய் வைத்தோம். ஒரு பொய்க் கதைக்காக யாராவது கட்டிடத்தையே நகர்த்துவார்களா?

பழைய பேட்டை:
கட்டிடத்தை நகர்த்தியது பழமைக்கு ஆதாரம், முதன்மைக்கு ஆதாரம் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் நாள் முழுக்க விவாதிக்கலாம்.

எடிசன் முருகு:
இருவரும் வேறு திரி தொடங்குங்கள். இங்கே பேச்சு ரெலிஷ்.

ஏரிக்கரை ஜோடி:
மனைவி எழுதுகிறேன். அந்தக் குறிப்பில் பாதி நான் எழுதியது. சூப்பர்டாக் பற்றி எழுதினேனே, அதை ஒருவராவது படித்தீர்களா? 1948இல் மோரி பெர்மன், ஃபிளோரி பெர்மன் என்ற இளம் தம்பதி சிகாகோவில் தொடங்கிய கடை. கூரைமேல் சிறுத்தைத் தோல் கட்டிய ஆண் ஹாட் டாக் ஒன்று, பாவாடை கட்டிய பெண் ஹாட் டாக் ஒன்று. காரில் உட்கார்ந்தபடியே சொன்னால் தட்டைக் கொண்டுவந்து கண்ணாடியில் மாட்டுவார்கள். பெட்டிக்குள் வறுவலுக்கு நடுவில் படுத்திருக்கும் ஹாட் டாக், சிவப்புத் தக்காளிக்குப் பதில் ஊறவைத்த பச்சைத் தக்காளி. நியூ யார்க்கின் கோனி ஐலண்டில் நேதன் ஹாண்ட்வர்க்கர் 1916இல் தொடங்கிய ஹாட் டாக் கடையின் மசாலா மனைவி ஐடாவுடையது. அங்கே ஏற்கெனவே இருந்த ஃபெல்ட்மேன் கடை பத்து சென்ட்டுக்கு விற்றதை இவர்கள் ஐந்து சென்ட்டுக்கு விற்றார்கள். இந்தக் கடைகளுக்குப் பின்னால் கணவனும் மனைவியுமாக உழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் நாங்கள் சேர்ந்து எழுதினோம். நீங்கள் எல்லோரும் ஒரு பாட்டிலைச் சுற்றி நிற்கிறீர்கள்.

எடிசன் முருகு:
அக்கா, சூப்பர்டாக் பகுதி நன்றாக இருந்தது, மனசார சொல்கிறேன். ஆனால் அந்தப் பாட்டில் வரியை எழுதியதும் நீங்கள் இருவரும்தான். "பக்கமே வரக்கூடாது" என்று படிக்கிறவனை விரட்டியது நான் அல்ல.

எங்கள் நியூ ஜெர்சி கிளிஃப்டனுக்கு வந்து ரட்ஸ் ஹட் கடையில் ரிப்பர் என்ற ஹாட் டாக் சாப்பிட்டுப் பாருங்கள். 1928லிருந்து எண்ணெயில் பொரிக்கிறார்கள், தோல் வெடித்து மொறுமொறுவென்று வரும். மேலே மஸ்டர்ட் போட்ட மஞ்சள் ரெலிஷ். நாங்கள் யாரையும் விரட்டுவதில்லை.

ஏரிக்கரை ஜோடி:
மனைவிதான். போயிருக்கிறோம், எழுதியும் இருக்கிறோம், மறுபடி படியுங்கள். உங்கள் மஞ்சள் ரெலிஷிலும் இனிப்பு நன்றாகவே தெரிந்தது. அதை ஏன் கேட்கவில்லை? சாசேஜும் மாட்டிறைச்சியோடு பன்றி சேர்த்த கலப்படம். சிகாகோவில் முழுக்க மாட்டிறைச்சி. யூதக் குடியேறிகள் கொண்டுவந்த வழக்கம் அது. அந்தச் சுத்தமான சுவைக்குத்தான் கெட்சப் ஆகாது என்கிறோம்.

எடிசன் முருகு:
எங்கள் ரெலிஷில் இனிப்பு இருந்தால் இருக்கட்டும். சர்க்கரை கெட்டது என்று நாங்கள் சொல்லவே இல்லையே! சொன்னது நீங்கள். அப்படியென்றால் உங்கள் பச்சை ரெலிஷில் சர்க்கரை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள், சரியா?

அப்புறம் "கலப்படமா"? ஜெர்மன் குடியேறிகள் காலத்திலிருந்து பன்றியும் மாடும் சேர்த்து சாசேஜ் செய்கிறார்கள். அது செய்முறை. பாலில் தண்ணீர் ஊற்றுவதுதான் கலப்படம்.

ஏரிக்கரை ஜோடி:
கணவர். யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ரெலிஷில் இனிப்போடு வினிகரின் புளிப்பும் உண்டு, வெள்ளரியின் மொறுமொறுப்பும் உண்டு. கெட்சப் வெறும் குழம்பு.

பழைய பேட்டை:
கெட்சப்பிலும் வினிகர் உண்டு.

எடிசன் முருகு:
கெட்சப்பிலும் வினிகர் உண்டு! பேட்டை சொன்னதை அப்படியே மறுபடி எழுதுகிறேன், யார் கண்ணிலும் படாமல் போய்விடக்கூடாது. வினிகர் இரண்டிலும் இருக்கிறது, சர்க்கரை இரண்டிலும் இருக்கிறது. மிச்சம் இருப்பது நிறம் மட்டும். பச்சை என்றால் பாரம்பரியம், சிவப்பு என்றால் குற்றமா?

கனெக்டிகட்காரன்:
லூயிஸ் லஞ்சில் இரண்டுமே இல்லை. அதனால்தான் அது முதல் கடை.

பழைய பேட்டை:
மறுபடி "முதல்". 1890களின் டெக்சாஸ் செய்தித்தாளிலேயே ஹாம்பர்கர் ஸ்டேக் சாண்ட்விச் விற்பனைக்கு என்று அச்சாகியிருக்கிறது. 1900க்கு முன்னால் 1890கள் வருமா வராதா?

கனெக்டிகட்காரன்:
செய்தித்தாளைச் சாப்பிட முடியாது. கிரவுன் தெருவுக்கு வாருங்கள், சுட்டுக் கொடுப்பார்கள்.

நிர்வாகி:
தலைப்பில் இருங்கள். தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். பழைய பீட்சா திரிச் சண்டையை இங்கே இழுக்காதீர்கள்.

எடிசன் முருகு:
நான் தலைப்பில்தான் இருக்கிறேன், மற்றவர்களைக் கேளுங்கள். ஹாட் டாக், கெட்சப், ரெலிஷ், சர்க்கரை. முதல் பதிவிலிருந்து நான் வேறு எதையும் பேசவில்லை.

ஸ்காபரோ ரமணி:
பிள்ளைகளோடு போகிறவர்கள் என்ன செய்வது? கெட்சப் இல்லாவிட்டால் என் இளையவன் வாயே திறக்க மாட்டான். அவனையும் விரட்டுவீர்களா?

ஏரிக்கரை ஜோடி:
சிறு பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு அக்கா. சிகாகோவிலேயே பிள்ளைகள் போட்டால் கண்டும் காணாமல் இருப்பார்கள். வளர்ந்தவர்களைத்தான் சொன்னோம்.

எடிசன் முருகு:
பிள்ளைகளுக்கு மட்டும் சர்க்கரை சாசேஜின் சுவையை மூடாதா? ஒவ்வொரு பதிலுக்கும் விதி மாறுகிறது. ரெலிஷ் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்து, அதில் எழுதியிருப்பதை இங்கே போடுங்கள். கூடவே "கலப்படம்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். ரட்ஸ் ஹட்டுக்கு நான் போகும்போதெல்லாம் மூன்று தலைமுறைக் குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன.

ஏரிக்கரை ஜோடி:
மனைவி. எதையும் திரும்பப் பெறுவதாக இல்லை. அடுத்த குறிப்பு ஹாக்கன்சாக் ஒயிட் மன்னா கடை. சின்ன பர்கர், வெங்காயத்தைச் சேர்த்து அழுத்திச் சுடுவார்கள். அது உங்கள் ஊர்ப் பக்கம்தான். அதிலும் ஒரு வரியைப் பிடித்துத் தொங்குவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதப் போகிறேன்.

எடிசன் முருகு:
எழுதுங்கள், படிக்கிறேன். ஹாக்கன்சாக் கடையையும் ஜெர்சி சிட்டி ஒயிட் மனாவையும் குழப்பாமல் எழுதுங்கள். 1939 உலகக் கண்காட்சியிலிருந்து வந்தது ஜெர்சி சிட்டிக் கட்டிடம். போன திரியில் அதைத் தவறாக எழுதியவர்கள் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. லேபிள் இன்னும் வரவில்லை.