வாரம் 500 பவுண்டுன்னு சொன்னாங்க, கைக்கு வந்தது 379. மீதி எங்கே போச்சு?

லெஸ்டர், புதுசு: வணக்கம். இங்கிலாந்துல குடோன் வேலை, வாரம் 500 பவுண்டுன்னு சொல்லித்தான் சேர்த்தாங்க. நேத்து பேங்க்ல பார்த்தா 379.36தான் விழுந்திருக்கு. ரூம் வாடகை 140 கட்டணும், ஊர்ல மனைவிகிட்ட பணம் அனுப்பறதா சொல்லிட்டேன். ஏமாத்துறாங்களா?

ஈஸ்ட் ஹாம்: பென்ஷன் பிடிச்சிருப்பாங்க தம்பி. முதல்ல அதுலேர்ந்து விலகிடு. நாங்க வந்த புதுசுல அஞ்சு பேர் ஒரே ரூம். பகல் ஷிப்ட்காரன் எழுந்த மெத்தை சூடு ஆறுறதுக்குள்ள நைட் முடிச்சவன் படுப்பான். அப்ப ஒவ்வொரு பவுண்டும் கைல இருக்கணும்.

கவென்ட்ரி: விலகச் சொல்லாதீங்கண்ணா. நாம 5% போட்டா முதலாளி 3% போட்டாகணும், அதை ஏன் விடணும்? கணக்கு இதுதான். வாரம் 242 வரைக்கும் பிடித்தம் இல்ல. மீதி 258க்கு 20% வரி 51.60, என்ஐ, அதாவது தேசியக் காப்பீடு, 8%ன்னா 20.64. கைக்கு 427.76 வரணும்.

ஹாரோ: உங்களை ஒருத்தரும் ஏமாத்தேல்லை தம்பி, வரியெண்டா வரிதான். எனக்கும் முதல் சம்பளத் துண்டைப் பார்க்க நெஞ்சு பதறினது. இவ்வளவு கட்டியும் பல்லு வைத்தியரிட்டை இடம் கிடைக்குதில்லை. உள்ளூராட்சிக்குக் கட்டுற கவுன்சில் டாக்ஸ் வேற.

ஈஸ்ட் ஹாம்: அதைச் சொல்லுங்க. வாடகை ஏறுது, அரிசி மூட்டை விலை ஏறுது, சம்பளம் மட்டும் அப்படியே கிடக்கு.

ரெடிங், பேரோல் வேலை: ஒரு நிமிஷம். 500ல 379.36 போனா 120.64. என்ஐ 20.64 கழிச்சா சரியா 100. முழுச் சம்பளத்துக்கும் 20% பிடிச்சிருக்காங்க, பென்ஷன் இல்ல. பேஸ்லிப்ல டேக்ஸ் கோடு என்ன போட்டிருக்கு? எப்போ சேர்ந்தீங்க?

லெஸ்டர், புதுசு: பிஆர்னு இருக்குங்க. அக்டோபர் முதல் வாரம் சேர்ந்தேன். சேரும்போது கொடுத்த படிவத்துல ஏ, பி, சின்னு மூணு கட்டம். பின்னாடி வரிசை நின்னுச்சு, சூப்பர்வைசர் சீக்கிரம் சீக்கிரம்னாரு, சி டிக் பண்ணிட்டேன். வேற வேலை எதுவும் இல்ல.

ரெடிங், பேரோல் வேலை: சி போட்டா இன்னொரு வேலையும் இருக்குன்னு அர்த்தம். வரியில்லாத தொகை அங்கே கழியுதுன்னு வச்சுக்கிட்டு இங்கே முழுசுக்கும் பிடிப்பாங்க, அந்தக் கோடுதான் பிஆர். நீங்க போட்டிருக்க வேண்டியது ஏ. வரி வருஷம் ஏப்ரல் 6ல தொடங்குது, 12,570 வரைக்கும் வரி கிடையாது. ஏப்ரல் 5க்குள்ள உங்களுக்கு 26 வாரச் சம்பளம், 13,000. 430க்குத்தான் வரி, மொத்தமே 86 பவுண்டு. ஒரே வாரத்துல 100 போயிருக்கு பாருங்க! திங்கட்கிழமை காலைல வரித்துறை எச்எம்ஆர்சிக்கு 0300 200 3300ல பேசுங்க, என்ஐ நம்பரும் பேஸ்லிப்பும் கைல இருக்கட்டும். இது ஒரே வேலைன்னு சொன்னா அவங்களே கம்பெனிக்குப் புதுக் கோடு அனுப்புவாங்க. 12,570 வரைக்கும் வரியில்லைங்கிற கோடு 1257எல்னு மட்டும் வந்தா அந்த 100 சம்பளத்தோடவே திரும்பி வரும், அப்புறம் மார்ச் பாதி வரைக்கும் வாரம் 479.36. பின்னால டபிள்யூ1 ஒட்டியிருந்தா ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனி கணக்கு, கவென்ட்ரிக்காரர் சொன்ன 427.76தான், பழசும் சேர்ந்து வராது. அப்படி வந்தா மறுபடி போன் பண்ணுங்க. இந்த வாரம் வாடகையைக் கட்டிடுங்க, ஊருக்கு அனுப்பறது ரெண்டு வாரம் பொறுக்கட்டும்.