16 பில்லியன் டாலர்: விற்றுமுதலா, பங்களிப்பா?

கணக்கன்:
மெல்பர்ன் பல்கலைக்கழக அறிக்கையை நேற்று வாசித்தேன். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் தொழில்களுக்கு 2021-22இல் 16 பில்லியன் டாலருக்கு மேல் வருவாய், 1,16,795 பேருக்கு வேலை, 4.2 பில்லியன் சம்பளம். நல்ல சேதிதான். ஆனால் அந்த 16ஐப் போய் 'பொருளாதாரப் பங்களிப்பு' என்கிறார்கள். அது வெறும் விற்றுமுதல், அதாவது விற்ற மொத்தத் தொகை.

முல்லை:
மற்றக் கம்பனிகள் விற்றுமுதலைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளும்போது யாரும் வாய் திறப்பதில்லை. பூர்வகுடி என்றதும் பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள் அண்ணா.

கணக்கன்:
பூதக்கண்ணாடி எதற்கு தங்கச்சி? பில்லே என் மேசைக்கு வந்தது. கட்டுமான நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். பூர்வகுடிக் கடை ஒன்றில் தலைக்கவசம், பாதுகாப்பு உடுப்பு என்று 1 லட்சம் டாலருக்கு வாங்கினோம். பெட்டிக்குள் எங்கள் பழைய சப்ளையர் அந்தக் கடைக்குப் போட்ட பில்லின் நகல், தவறுதலாகக் கிடந்தது. 93,000! கடைக்காரர் கையில் நின்றது 7,000. விற்றுமுதலாக ஏறுவதோ முழு 1 லட்சம். அதே 93,000 சப்ளையர் கணக்கிலும் ஏறும்.

முல்லை:
அது பினாமி வேலை. அதைத் தடுக்கத்தானே பூர்வகுடிகளுக்கான அரசு ஒப்பந்தத்துக்குத் தொழிலில் அவர்களுக்குப் பாதி உரிமை இருந்தால் போதும் என்ற விதியை 2026 ஜூலையிலிருந்து 51 சதவீதமாக இறுக்குவதாக அறிவித்தார்கள்?

வழிப்போக்கன்:
51 என்ன, நம் ஆட்கள் பெண்டாட்டி பேரில் நூறே எழுதிவைப்பார்கள் 😄

முல்லை:
சிரியுங்கள். மறுபக்கமும் இருக்கிறது. பதிவேடுகளில் இருக்கிற தொழில்களைத்தான் எண்ணினார்கள். எங்கும் பதியாமல் தனியாளாகப் புல் வெட்டுகிறவர், ஓவியம் விற்கிறவர் எல்லாம் இதில் இல்லை. உண்மைத் தொகை இதைவிடக் கூட இருக்கும்.

கணக்கன்:
இங்கே கூடியது, அங்கே குறைந்தது, சரிக்குச் சரி என்று விடலாமா? நியூசிலாந்தைப் பாருங்கள். அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளின் பொருளாதாரம் 2018இல் 17 பில்லியன், 2023இல் 32 பில்லியன் என்றார்கள். வாங்கிய சரக்கின் விலையைக் கழித்த கூட்டுமதிப்பு அது. நாட்டின் மொத்த உற்பத்தியோடு நேராக ஒப்பிடலாம்.

முல்லை:
சரி, கழியுங்கள். ஆனால் மிஞ்சிய 7,000 யார் வீட்டுக்குப் போனது என்றும் எழுதுங்கள். பூர்வகுடி முதலாளியிடம் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பது மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். கூட்டுமதிப்பில் அது எங்கே தெரியும்?

கணக்கன்:
தெரியாது. அந்தக் கடையில் வேலை செய்தது இரண்டே பேர், இருவரும் பூர்வகுடிப் பிள்ளைகள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.