எண் கேட்கும் லூப்பில் ௰ வந்தால் என்ன செய்வது?

காரைக்குடிப் பக்கம் பைதான் நிரல்மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் எத்தனை வேண்டும் என்று கேட்கும் பயிற்சி நிரல் இது. வைல் ட்ரூ லூப்புக்குள் (பிரேக் வரும்வரை திரும்பத் திரும்ப ஓடுவது) ட்ரை (பிழை வந்தால் பிடிக்க). தட்டியதை முழு எண்ணாக்கும் இன்ட் மாற்றத்தில் வேல்யூஎரர் (மதிப்பு பொருந்தாத பிழை) வந்தால் மறுபடி கேள்வி, 1 முதல் 5000 வரை இருந்தால் பிரேக். 12.5, வெறும் என்டர் இரண்டுக்கும் ஒழுங்காகத் திரும்பக் கேட்கிறது.

௧௨ என்று தட்டினாலும் இன்ட் அதை 12 ஆக எடுத்துக்கொள்கிறது, அருமை! ஆனால் பழைய கணக்கேட்டு வழக்கப்படி ௰௨ என்றால் வேல்யூஎரர். ௰ இலக்கமல்ல, பத்துக்கான தனிக்குறி. எல்லாம் எண் எழுத்துகளா என்று பார்க்கும் இஸ்நியூமெரிக் அதற்கும் ட்ரூ சொல்வதால், அதை நம்பி ட்ரையை எடுத்துவிட்டால் இன்ட் வரியிலேயே நிரல் நின்றுவிடும்.

௰, ௱ (நூறு), ௲ (ஆயிரம்) மூன்றையும் எண்ணாக மாற்ற எளிய வழி உண்டா? திரும்பக் கேட்பதே மேலா? எந்தப் பிழை என்று குறிக்காமல் எல்லாவற்றையும் பிடிக்கும் வெறும் எக்செப்ட் மட்டும் வேண்டாம். அதைப் போட்டால், நிரலை நிறுத்தும் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் லூப் நிற்காது.