நெய்வேலி நிலக்கரி மைன்ஸ்ல தோண்டிக் கொட்டுன மண்மேட்டுப் பக்கம் காட்டுப்பன்னி, மயில், நரி பாத்தவங்க சொல்லுங்க

மந்தாரக்குப்பத்தான்:
மண்மேட்டுல பன்னி இருக்கறது எல்லாருக்கும் தெரியும், அத சொல்ல வரல. நைட் ஷிப்ட் முடிஞ்சு வண்டில வரேன், கருவேலம்புதர் ஓரமா ஒரு தாய்ப்பன்னி நடுரோட்டுல நிக்குது, ஹாரன் அடிச்சும் நகரல. பின்னங்கால்ல கிளட்ச் கேபிள்ல செஞ்ச வேட்டைச் சுருக்கு, தோல அறுத்துக்கிட்டு உள்ள எறங்கிருக்கு, கேபிளோட மறுமுனையில பிடுங்கிட்டு வந்த முளைக்குச்சி. குட்டிங்க அத சுத்திச் சுத்தி வருதுங்க. எறங்கலாமான்னு யோசிக்கறதுக்குள்ள நொண்டிக்கிட்டே முந்திரித்தோப்புல பூந்துடுச்சு, அந்தக் குச்சி தார்ல உரசுன சத்தம் தான் போவ மாட்டேங்குது.

மல்லாட்டக்காரன்:
உங்களுக்கு பன்னி பாவம், எனக்கு மல்லாட்ட, அதான் வேர்க்கடலை, போச்சு. ராத்திரியோட ராத்திரியா பாத்தி பாத்தியா நோண்டிப் போட்டுருக்கு, காலைல போனா வெறும் தொலி கெடக்கு. காட்டுலேர்ந்து 3 கிலோமீட்டர் தாண்டுனா வனத்துறையே சுடலாம்னு 2025ல அறிவிச்சாங்க. சரி, மண்மேடு காடா இல்லையா? அதுக்கு மொதல்ல யாராச்சும் பதில் சொல்லுங்க.

ஏரிக்கரை:
மேல சொன்னவரு பன்னி என்னமோ வீம்புக்கு வந்த மாதிரி பேசுறாரு. நிலக்கரிக்கு அடியில ஊத்துத்தண்ணி அழுத்தத்தோட நிக்குது, ராப்பகலா எறைக்கலன்னா சுரங்கத்தோட தரையே பொத்துக்கும், அந்தத் தண்ணி தான் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரின்னு போவுது. கோடையிலயும் தண்ணி, மண்மேட்டுல நட்ட மரம், ஆள் நடமாட்டம் கம்மி, வேற என்ன வேணும் அதுக்கு? நான் பாத்தது ஏரியில, கண்ணி பக்கத்துல கால கட்டி விட்ட கொக்கு, கிட்ட போயும் பறக்கல, பாத்தா கண்ண நூலால தைச்சி வச்சிருக்கானுங்க, மத்த கொக்கு எறங்கறதுக்கு. அப்புறம் மந்தாரக்குப்பம் தம்பி, எறங்காம இருந்ததே நல்லது, குட்டி போட்ட பன்னி தொடைய கிழிச்சிடும், எடத்த குறிச்சிக்கிட்டு வனத்துறைக்கு போன் போடுங்க, மயக்க ஊசி இல்லாம கேபிள எடுக்க முடியாது. தோட்டத்துல திருட்டுக் கரண்ட் கம்பி கட்டறவங்களுக்கும் சொல்றேன், அதுல பன்னிக்கு முன்னாடி தண்ணி பாய்ச்ச போற ஆளு தான் மாட்டுவான்.

பிளாக்பையன்:
கறி எங்க கெடைக்கும்ணே 😀

ஏரிக்கரை:
1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தம்பி. பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசன்ஸே கெடையாது, கறிய வாங்கி சட்டில வச்சவனும் உள்ள போவான்.

மல்லாட்டக்காரன்:
கரண்ட் கம்பி நான் கட்டுனேன்னு யாருங்க சொன்னா? பன்னிய விடுங்க. மயிலு வெதச்ச மறுநாளே கொத்துது, அதுக்கு என்ன வழின்னு சொல்லுங்க பாப்போம்.