எந்த விளக்கத்திலும் பொருந்தாத ஓடைத் தவளை: புதிய இனம் என்று நிறுவுவது எப்படி, இடத்தைக் காப்பது எப்படி?

ஓடைக்கரை:
ஆள் நடமாட்டம் குறைந்த மலைக்காட்டில், ஒரே ஓடையில் ஏறத்தாழ 2 கி.மீ. தூரத்துக்கு மட்டும் கேட்கிற தவளை. பின்கால் விரலிடைச் சவ்வு பாதிவரைதான் இருக்கிறது. தொடையின் உட்புறம் ஆரஞ்சுப் பட்டை. அந்தப் பகுதித் தவளை இனங்களுக்கு வெளியான விளக்கங்கள் எதனோடும் ஒத்துப்போகவில்லை. சேகரிப்பு அனுமதி வந்துவிட்டது. களத்தில் எதைத் தவறவிட்டால் பிறகு சரிசெய்ய முடியாது? பெயர் வெளியானபின் ஆட்கள் அந்த ஓடையைத் தேடி வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஈரஇலை:
முதலில் குரல், பிறகுதான் பிடிப்பது. கத்திய தவளையும் பிடித்த தவளையும் ஒன்றே என்று சொல்ல முடியாவிட்டால் அந்தப் பதிவால் பயனில்லை. ஒலியைச் சுருக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். காற்றின் வெப்பநிலையை அங்கேயே குறித்துவிடுங்கள்; குளிர்ந்தால் கத்தும் வேகம் குறையும், வெப்பநிலை தெரியாமல் இரண்டு குரல்களை ஒப்பிட முடியாது.

உயிரோடு இருக்கும்போதே முதுகு, வயிறு, உள்தொடை, உள்ளங்கை, பாதம், கண்மணியைச் சுற்றிய நிறம் என எல்லாவற்றையும் படமெடுங்கள். உங்கள் ஆரஞ்சுப் பட்டை, மாதிரியைப் பாதுகாக்கும் எத்தனாலில் (ஆல்கஹால்) வெளுத்துவிடும்.

மாதிரியாக வைக்கும் தவளைக்குப் பென்சோகெயின் (மயக்க மருந்து) கொடுத்து, உயிர் பிரிந்ததை உறுதிசெய்தபின் முதல் வேலை திசு எடுப்பது. ஈரல் அல்லது தொடைத்தசையில் பயறளவு போதும். 95 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் அந்த எத்தனாலை மாற்றுங்கள். உடலை இறுகச் செய்யும் ஃபார்மலின் பட்ட பிறகு எடுத்தால் டிஎன்ஏ சிதைந்திருக்கும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதன்பின் ஃபார்மலினில் நனைத்த துணி விரித்த தட்டில் தவளையின் உடலைக் கிடத்தி, விரல்களை அகல விரித்து வையுங்கள். விரல்கள் மடங்கி இறுகிவிட்டால் சவ்வு எதுவரை என்று யாராலும் அளக்க முடியாது. கடையில் வாங்கும் ஃபார்மலின் கரைசல் 1 பங்குக்கு நீர் 9 பங்கு. இறுகியதும் நீரில் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள்.

மாதிரியின் விவரச் சீட்டைப் பென்சிலில் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும்.

பழையபெயர்:
களவேலை சரி. தாமதம் வருவது அருங்காட்சியகத்தில். இந்தத் தவளைக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே யாராவது பெயர் வைத்து, அது வேறொரு இனத்தின் மறுபெயராக ஒதுக்கப்பட்டிருக்கலாம். அந்தக் கால விளக்கம் பெரும்பாலும் நான்கைந்து வரிதான், இடமும் 'மலைகள்' என்ற அளவில் நின்றுவிடும். ஆகவே நெருங்கிய இனங்களின் மூல மாதிரிகளையும் (பெயர் வைக்க ஆதாரமாகக் கொண்ட உடல்கள்), ஒதுக்கப்பட்ட பெயர்களின் மாதிரிகளையும் நேரில் அளந்து பாருங்கள்.

இனங்களை ஒப்பிடப் பயன்படும் 16எஸ் மரபணுவில் 3 சதவீத வேறுபாடு என்பதைப் பலர் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது மேலும் தேடச் சொல்லும் குறிப்பு மட்டுமே. உருவம், குரல், மரபணு மூன்றும் ஒரே பக்கம் சாய வேண்டும்.

1999க்குப் பின் வைக்கும் விலங்குப் பெயருக்கு மூல மாதிரியைக் குறிப்பிட்டாக வேண்டும். அது உடலாகப் பாதுகாக்கப்படுகிறது என்றால் எந்தச் சேகரிப்பகத்தில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவதும் கட்டாயம்.

மேல்காடு:
இரண்டாவது கேள்விதான் அவசரமானது. சீனாவின் கோனியுரோசாரஸ் லூயி பல்லி 1999இல் விவரிக்கப்பட்டது. செல்லப்பிராணி வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே, முதலில் கண்ட இடத்தில் அது இல்லாமல் போனது. எனவே இடத்தின் துல்லியமான ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) அருங்காட்சியகப் பதிவேட்டிலும் வனத்துறையிடமும் மட்டும் வையுங்கள். கட்டுரையில் மலைத்தொடரும் உயரமும் போதும்.

இனங்களின் அழிவு ஆபத்தைக் காட்டும் ஐயூசிஎன் சிவப்புப் பட்டியலுக்கான மதிப்பீட்டைப் பெயரோடு சேர்த்தே தயாரியுங்கள். 'தரவு போதாது' என்று முத்திரை விழுந்தால் அந்த ஓடைமேல் சாலை போடுவதை நிறுத்த உங்கள் கையில் ஆதாரமே இருக்காது. 'அருகிவரும் இனம்' என்ற நிலைக்குப் பரவல் 5,000 சதுர கி.மீ.க்குக் குறைவு என்பது மட்டும் போதாது. வாழும் இடங்கள் ஐந்துக்கு மிகாமை அல்லது கடுமையாகத் துண்டுபட்டிருத்தல், தொடர் சரிவு, கடுமையான ஏற்ற இறக்கம் ஆகியவற்றில் இரண்டையாவது காட்ட வேண்டும். அதனால் தேடியும் கிடைக்காத ஓடைகளையும் எழுதி வையுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன மழை. ஒருமுறை போய்க் கேட்கவில்லை என்பதால் அங்கே இல்லை என்றாகாது.

தேடப் போகும் நீங்களே, தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையைச் சுமந்து போய்விடக் கூடாது. ஒவ்வொரு ஓடைக்கும் முன் காலணியைத் துலக்கி மண்ணை நீக்கிவிட்டுத்தான் கிருமிநாசினி போட வேண்டும். மண் ஒட்டியிருந்தால் ப்ளீச் வலுவிழந்துவிடும். ஒவ்வொரு தவளைக்கும் ஒரு புதுக் கையுறை, ஒரு பை.

காட்டோரத்து மக்களிடம் கேளுங்கள். 1992இல் வியட்நாமின் வூ குவாங்கில் சாவோலா என்ற காட்டு விலங்கு தெரியவந்தது வேட்டைக்காரர்கள் வீட்டில் இருந்த கொம்புகளால்தான்.

ஓடைக்கரை:
நன்றி. சிக்கல் ஒன்று: ஒரு படத்தை ஏற்கெனவே ஐநேச்சுரலிஸ்டில் (உயிரினப் பதிவுகளைப் பகிரும் இணையதளம்) இடத்தோடு போட்டாயிற்று.

மேல்காடு:
இன்றே இட அமைப்பை 'மறைத்தது' என்று மாற்றுங்கள், புள்ளி 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ தெரியும். அதோடு விடாதீர்கள். அதே நாளில் அதே ஓடையில் போட்ட தும்பி, பெரணிப் படங்கள் திறந்திருந்தால் அவையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும், அவற்றையும் மறையுங்கள். வேறெங்கும் பகிர்ந்த மூலக்கோப்பில் ஜிபிஎஸ் தகவல் இருக்கிறதா, பின்னணியில் அருவியோ பாறைமுகடோ அடையாளம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.